வாஷர் இருந்த இடம்

போன வருஷம் பெங்களூரில் ஒரு கடையில் ‘பர்மா ஷெல்’ எனாமல் போர்டு ஒன்று வாங்கினேன். 1950களில் பெட்ரோல் பங்கில் தொங்கியது என்றார்கள், நம்பினேன். பால்கனிச் சுவரில் மாட்டிய முதல் மழைக்கே அதன் துரு கரைந்து செம்மஞ்சள் கோடாக வழிந்தது. அதே போர்டைத் துணியில் சுற்றிக்கொண்டுதான் மாரிக்குப்பம் ரயில் ஏறினேன்.

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில், எம்.ஜி. மார்க்கெட் பக்கத்துச் சந்தில் இருக்கிறது ஒரு பெரியவரின் பழைய இரும்புக் கடை. இந்த ஊரில் குஜரி என்பார்கள். தங்கச் சுரங்கத்து வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிறார். மோட்டார் கம்பெனி போர்டுகளைச் சேகரிக்கிறவர்கள், வாங்குவதற்கு முன் இவரிடம் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

என் போர்டின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை. திருப்பிப் போட்டு முதுகைத் தடவினார்.

“பின்னாடி எனாமல் எங்க தம்பி?”

இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டவைப்பதுதான் எனாமல். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஆறும்போது தகடு வளைந்துவிடும், அதனால் பின்பக்கமும் பூசுவார்கள். முதலில் கோபால்ட் கலந்த கருநீல அடிப்பூச்சு. அதன் மேல் வெள்ளை. அதற்கும் மேல் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சு, ஒரு சூளை. இத்தனை தடவை வெந்த தகட்டில் எழுத்துகள் மேடாகத்தான் நிற்கும்.

கடையின் உள்ளேயிருந்து ஒரு ‘கால்டெக்ஸ்’ போர்டை எடுத்துவந்து என் மடியில் வைத்தார். சிவப்பு நட்சத்திரம். எடுத்ததுமே கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். “கண்ண மூடிக்கிட்டு நகத்தால கீறு” என்றார். வெள்ளையிலிருந்து சிவப்புக்கு ஏறும் இடத்தில் நகம் தடுக்கியது. என் போர்டில் நகம் வழுக்கிக்கொண்டே போனது. வெறும் பெயிண்ட்.

பிறகு கால்டெக்ஸின் திருகாணி ஓட்டைகளைக் காட்டினார். நான் அதிக நேரம் உட்கார்ந்து பார்த்தது இந்த இடத்தைத்தான். திருகாணியை முறுக்கியபோது கண்ணாடி நொறுங்கியிருக்கிறது. உடைந்த விளிம்பு சிப்பிபோலக் குழிந்து, அடியில் கருநீலக் கோடு, அதற்கும் அடியில் இரும்பு. வாஷர் மூடியிருந்த வட்டம் மட்டும் பளபளப்பு மாறாமல் இருந்தது. அந்த வட்டத்தின் கீழ்ப்பாதியிலிருந்து, தண்ணீர் நின்று வடிந்த வழியிலேயே துரு இறங்கியிருந்தது. கெட்டிப்பட்ட கரும்பழுப்பு, விரலில் ஒட்டவில்லை. மேற்பாதியில் துருவே இல்லை.

“தண்ணி மேல ஏறுமா தம்பி? உன்னுதுல நாலு பக்கமும் ஒரே மாதிரி துரு. உப்புத் தண்ணில ஊறவெச்சிருக்கான்.”

கால்டெக்ஸின் ஒரு பக்கம் மட்டும் மினுமினுப்பு மங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். தங்கம் பிரித்தபின் கொட்டிய சுரங்கக் கழிவான சயனைடு மேடுகள் இருக்கும் திசையைக் கையால் காட்டினார். காற்றடித்தால் அந்த மண்தூள் ஊருக்குள் பறந்து வரும், வருஷக்கணக்கில் தேய்த்துவிடும் என்றார். கோலார் தங்கவயலின் காற்றையே அந்தக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு.

தமிழ் படிக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. என் போர்டின் அடியில் ‘விற்பனை நிலையம்’ என்று இருந்தது. தமிழக அரசு 1978-ல் எழுத்தைச் சீர்திருத்தும்வரை ‘னை’, ‘லை’ இரண்டும் யானைத் தும்பிக்கைபோல வளைந்த பழைய வடிவில்தான் பெரும்பாலும் எழுதப்பட்டன. பெரியார் 1935-லேயே தம் பத்திரிகையில் புது வடிவத்தைக் கொண்டுவந்தார் என்றாலும் கம்பெனி போர்டுகள் அவர் வழியில் போகவில்லை. என் போர்டில் இருந்ததோ இன்றைய கம்ப்யூட்டர் எழுத்து. ஆனால் பழைய எழுத்தைப் பார்த்ததும் அசல் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. சீர்திருத்தம் கர்நாடகத்து பெயின்டர்களைக் கட்டுப்படுத்தவில்லை, பழகிய கை உடனே மாறுவதும் இல்லை.

மற்றவை வருஷக் கணக்குதான். பர்மா ஷெல் கம்பெனி இந்தியாவில் 1928-ல் அமைந்தது, 1976-ல் அரசுடைமை ஆனது. போர்டில் பின்கோடு இருந்தால் அது 1972-க்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘மைசூர் ஸ்டேட்’ என்றிருந்தால் 1973-க்குப் பிந்தியதாக இருக்க முடியாது.

நகல் செய்வதைப் பெரியவர் குறை சொல்லவில்லை. அவர் கடையிலும் புது எனாமல் போர்டுகள் நாலைந்து இருந்தன, நன்றாக வெந்த வேலை. ஒவ்வொன்றின் முதுகிலும் சிவப்பு பெயிண்டில் ‘புதுசு’ என்று எழுதி வைத்திருந்தார். எழுதவேண்டாம், கூடப் பணம் தருகிறோம் என்று கேட்டு வருகிறவர்களும் உண்டாம். அவர்களுக்கு விற்பதில்லை என்றார். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது அப்போதுதான்.

கிளம்பும்போது என் போர்டை அவரிடம் நீட்டினேன். “எழுதிடுங்க ஐயா.”

பிரஷ்ஷைத் தேடி எடுத்து, டப்பாவில் காய்ந்திருந்த ஏட்டை விலக்கி, நிதானமாக மூன்று எழுத்து எழுதினார். ஈரம் காயட்டும் என்று வெயிலில் சாத்திவைத்துவிட்டு, டீ சொல்லி அனுப்பினார்.