உம்மாவின் வெள்ளைத் திட்டுகள்

வாப்பா மௌத்தாகி, நான்கு மாதமும் பத்து நாளும் கழிந்து இத்தா முடிந்த பிறகும் உம்மா அறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. ஒரு சுபஹில் பாயிலேயே கிடந்தவரைப் பார்த்து, "தொழுகையையும் விட்டுட்டீங்களே உம்மா, ஈமான் எங்கே போனது?" என்று கேட்டுவிட்டேன். இருபது வருஷமாகப் பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய்.

"எழும்ப ஏலாது மகன். வேணுமென்டு செய்யல்ல" என்றார்.

ஓதிய தண்ணீர் கொடுத்தோம். புளத்கொகுபிட்டியவில் எங்கள் அயலார் எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான். பிறகுதான் ஆஸ்பத்திரி, கிளினிக், கடைசியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மூளையின் உட்பகுதியில் வெள்ளைத் திட்டுகளைக் காட்டினார். பல வருஷப் பிரஷரும் சீனி வருத்தமும் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுத்த அடையாளம் என்றார்.

எங்களுடையது இறப்பர் ஊர். ஆகவே எனக்கு இலேசில் விளங்கியது. மின்கம்பிக்கு இறப்பர் உறை போல மூளையின் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. அந்த இழைகள் கட்டுக்கட்டாக ஓடும் பகுதிதான் வெண்பொருள். முன்மூளையோடு தொடர்புள்ள இழைகள் பழுதானால் நடையும் நினைப்பும் மந்தமாகும், மனமும் சோரும். முதியவர்கள் சிலரின் மனச்சோர்வுக்கு இந்தக் குழாய்க் கோளாறே காரணமாகலாம் என்று 1997இல் அமெரிக்க மனநல வைத்தியர் அலெக்சோபௌலோசும் சகாக்களும் எழுதினார்கள். இப்படியானவர்களுக்கு மனச்சோர்வு மாத்திரை குறைவாகவே வேலை செய்வதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, எல்லாம் ஒத்துப்போகவில்லை.

அந்த மாத்திரையே பழுதையும் திருத்தாதா என்று நானும் ஆசைப்பட்டேன். ஆய்வாளர்களுக்கும் அப்படியொரு ஆசை இருந்திருக்கிறது. மயலின் அழியும் வேறொரு நோயான மல்டிப்பிள் ஸ்கிலரோசிஸ் முற்றிய 445 பேருக்குப் பிரித்தானியாவில் புளூஒக்செட்டின் உட்பட மூன்று மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. 96 வாரங்களில் மூளை சுருங்குவதை ஒன்றுகூடத் தடுக்கவில்லை. ஆனால் பிரஷரை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற அமெரிக்க ஆய்வொன்றில், வெள்ளைத் திட்டுகள் பெருகும் வேகம் சற்றுக் குறைந்ததாக 2019இல் தெரிந்தது.

நாங்களோ மனசுக்கான மாத்திரையை எண்ணி எண்ணிக் கொடுத்துவிட்டு, பிரஷர் மாத்திரையைத் தலை சுற்றும் நாளில் மட்டும் கொடுத்துவந்தோம்.

ஏழாம் வாரம் உம்மா தானாக எழும்பி, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தார். நடை இன்னும் மெதுவாகத்தான். தொழுகையும் கதிரையில்தான். பிளேன்டி கேட்டார், சீனி கூடப் போடச் சொன்னார். நான் போடவில்லை.

"நீ இன்னும் வாத்தியார் வேலைய விடல்ல மகன்" என்றார்.