கண்ணைக் கட்டிக்கொண்ட கணிப்பொறி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்)

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்குக்குச் சீட்டுக் குலுக்கித் தலைப்புக் கொடுத்தார்கள். என் கைக்கு வந்த சீட்டில் 'கணிப்பொறி விளையாட்டும் செயற்கை அறிவும்' என்று இருந்தது. வகுப்பே சிரித்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். விளையாட்டு என்றால் எனக்குத் தாயமும் பல்லாங்குழியும்தான். போயும் போயும் இந்தத் தலைப்பா என்று அழாக்குறையாக வீட்டுக்குப் போனேன். பின்னர் ஆய்வகத்திலும் கைப்பேசியிலுமாகப் பத்து நாட்கள் தேடிப் படித்தேன். படித்தவற்றுள் ஒன்று இன்னமும் என்னை விடவில்லை. அதைத்தான் இம்மலரில் எழுதுகிறேன்.

ஸ்டார்கிராஃப்ட் என்பது அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 1998ஆம் ஆண்டு விற்பனைக்கு விட்ட போர் விளையாட்டு. அதே ஆண்டின் இறுதியில் 'ப்ரூட் வார்' என்ற விரிவாக்கமும் வந்தது. சதுரங்கத்தில் நான் ஒரு காயை நகர்த்திவிட்டு நீங்கள் நகர்த்தும்வரை காத்திருப்பேன். இங்கே காத்திருப்பு என்பதே கிடையாது. நான்கு தொழிலாளிகளும் 50 கனிமமும் கையில் வைத்துக்கொண்டு ஆட்டம் தொடங்கும். வெட்டி எடுக்க வேண்டும், கட்ட வேண்டும், படை திரட்ட வேண்டும், அதே நேரத்தில் எதிரியும் இவற்றையெல்லாம் செய்துகொண்டிருப்பான். அவன் என்ன செய்கிறான் என்பதோ நமக்குத் தெரியாது. நம் ஆட்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும்தான் வெளிச்சம். மற்ற நிலமெல்லாம் மூடுபனி. ஆள் அனுப்பி வேவு பார்த்தால் உண்டு, இல்லையேல் ஊகம்தான். தென் கொரியாவில் இதைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பி, ஆடுவதையே தொழிலாகக் கொண்ட இளைஞர்கள் இருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

இந்த விளையாட்டின் மூலநிரலை நிறுவனம் வெளியிடவில்லை. வெளியார் எழுதிய புரோகிராம் உள்ளே வந்து ஆட வாசலும் வைக்கவில்லை. ஆனால் 2009 வாக்கில் ஆர்வலர்கள் சிலர் தாங்களே ஒரு வாசலைத் திறந்தார்கள். பி.டபிள்யூ.ஏ.பி.ஐ. என்று அதற்குப் பெயர். ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டுக்குள் தங்கள் நிரலைச் செருகி, நினைவகத்தில் எந்த எண் எங்கே இருக்கிறது என்று கண்டறிந்து, படிக்கவும் கட்டளையிடவும் வழி செய்தார்கள். இத்தகைய வேலை எப்படித் தொடங்கும் தெரியுமா? ஒரு தொழிலாளியை உருவாக்கினால் கனிமம் 50 குறையும். கோடிக்கணக்கான இடங்களில் எந்த எண் சரியாக 50 குறைந்தது என்று தேட வேண்டும். மறுபடி ஒரு தொழிலாளி, மறுபடி தேடல். சலித்துச் சலித்துக் கடைசியில் ஓர் இடம் மிஞ்சும்.

இதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் கடைதான் நினைவுக்கு வந்தது. அப்பா பம்ப் செட் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். எட்டாவது வரை படித்தவர். எரிந்துபோன மோட்டார் வந்தால், பழைய கம்பியை வெட்டி எடுக்கும்போதே எத்தனை சுற்று, என்ன கேஜ் என்று எண்ணி ஒரு நோட்டில் குறித்துக்கொள்வார். எந்தக் கம்பெனியும் அந்தக் கணக்கை அவருக்குக் கொடுத்ததில்லை. கரி படிந்த அந்த நோட்டை நான் சிறுவயதில் பொம்மை வரைந்து பாழாக்கி அடி வாங்கியிருக்கிறேன்.

அது கிடக்கட்டும். என்னை விடாத செய்தி இனிமேல்தான் வருகிறது. நினைவகத்தைப் படிக்கத் தெரிந்தவனுக்கு மூடுபனி ஏது? எதிரியின் படை எந்த மூலையில் இருக்கிறது என்பதும் அந்த எண்களுக்குள்தானே இருக்கிறது! இதே வித்தையைக் கொண்டு வரைபடம் முழுவதையும் திருட்டுத்தனமாகப் பார்த்து ஆடியவர்கள் உண்டு. பி.டபிள்யூ.ஏ.பி.ஐ. செய்தவர்களும் அதே கதவு வழியாகத்தான் நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் அங்கே ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். மனித ஆட்டக்காரருக்கு எது தெரியுமோ அதை மட்டுமே தங்கள் நூலகம் சொல்லும். மூடுபனிக்குள் இருப்பதைக் கேட்டால் சொல்லாது. முழு வரைபடத்தையும் காட்டு என்று ஒரு சொடுக்கி இருக்கிறது. அது தானாக அணைந்தே கிடக்கும். போட்டிகளில் அதைத் தொடக் கூடாது. யாரும் கேட்காமலே தம் கண்ணைத் தாமே கட்டிக்கொண்டவர்கள்! இந்தப் பகுதியை மூன்று முறை படித்தேன்.

ஏன் மூன்று முறை என்று சொல்லிவிடுகிறேன். முதலாண்டில் சி மொழிப் பிராக்டிகலில் ஏழாவது புரோகிராம், இரண்டு அணிகளைப் பெருக்குவது. எனக்கு வரவில்லை. பக்கத்து பெஞ்சுத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதினேன். ஏ, பி, சி என்று இருந்ததை எக்ஸ், ஒய், இசட் என்று மாற்றினேன். வைவாவில் விரிவுரையாளர், "மூணாவது ஃபார் லூப் எதுக்கும்மா?" என்றார். வாயைத் திறக்க முடியவில்லை. அவர் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இனிப் போட்டிக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தார் ஒரு போட்டி வைத்தார்கள். மனிதர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. நிரலும் நிரலும் ஆட வேண்டும். முழு ஆட்டத்தில் வென்றது பெர்க்கிலி வளாகத்து மாணவர்களும் ஆசிரியர்களும் எழுதிய 'ஓவர்மைண்ட்'. அதன் பலம் முட்டாலிஸ்க் என்னும் பறக்கும் படை. மேல்நிலைப் பள்ளி இயற்பியலில் மின்னூட்டங்களின் ஈர்ப்பும் விலக்கும் படித்தோமே, அதைத்தான் அவர்கள் போர்க்களத்தில் இறக்கினார்கள். தாக்க வேண்டிய இலக்கு முட்டாலிஸ்கை இழுக்கும். எதிரியின் குண்டு எட்டும் எல்லை அதைத் தள்ளும். இழுப்பும் தள்ளலும் கூடி எந்தத் திசை வருகிறதோ அந்தத் திசையில் அது பறக்கும். ஒவ்வொரு விசையும் எவ்வளவு வலிமையாக இருக்க வேண்டும்? அதை மனிதர் சொல்லவில்லை. நிரலைத் திரும்பத் திரும்பச் சண்டையிட வைத்து, அதுவே தேறிக்கொள்ளும்படி செய்தார்கள். வேகமான ஆட்டத்தில் ஒரு சட்டத்துக்கும் அடுத்த சட்டத்துக்கும் இடையே 42 மில்லிசெகண்டுதான். அதற்குள் அத்தனை பறவைகளுக்கும் கணக்குப் போட்டாக வேண்டும். கூலம் விதியைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்த எனக்கு அது அன்றுதான் புரிந்தது போலிருந்தது.

2011 முதல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் போட்டியை நடத்தினார்கள். அவர்கள் காலத்தில் கலந்துகொள்பவர்கள் தங்கள் மூலநிரலை வெளியிட வேண்டும் என்ற விதி இருந்தது. தோற்றவன் வென்றவனின் நிரலை எடுத்துப் படிக்கலாம். அதன் மேலேயே தன் நிரலைக் கட்டலாம். 2013இல் முதலிடம் பெற்ற யுஆல்பர்ட்டாபாட்டை எடுத்துக்கொண்டு, எடுத்ததை வெளிப்படையாகச் சொல்லியே, பலர் தங்கள் நிரல்களை வளர்த்தார்கள். ஸ்டீம்ஹேமர் அவற்றுள் ஒன்று. பார்த்து எழுதுவதே அங்கே ஒரு முறை! எக்ஸ், ஒய், இசட் வேடம் போட வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை.

கருத்தரங்குக்கு முந்தின இரவு அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். பாதி கேட்டுக்கொண்டு, "கம்பெனிக்காரன் கேஸ் போடலியா பாப்பா?" என்றார். நல்ல கேள்வி! போடாதது மட்டுமா, 2017இல் அதே நிறுவனம் டீப்மைண்ட் நிறுவனத்துடன் சேர்ந்து இரண்டாம் ஸ்டார்கிராஃப்டுக்குத் தானே வாசல் வைத்துக் கொடுத்தது. ஓவர்மைண்ட் குழுவுக்குப் பயிற்சியாளராக இருந்த ஒரியோல் வின்யால்ஸ்தான் டீப்மைண்டில் ஆல்ஃபாஸ்டார் என்ற நிரலை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அது தொழில்முறை ஆட்டக்காரர் இருவரைப் பத்துக்குப் பத்து வென்ற செய்தி 2019 ஜனவரியில் வெளியானது.

அங்கேயும் கண் பற்றிய வழக்கு வந்தது. மனிதர் ஒரு நேரத்தில் திரையில் அடங்கும் பகுதியை மட்டுமே காண்பார். ஆல்ஃபாஸ்டாரோ தன் படைக்கு வெளிச்சமான நிலம் முழுவதையும் ஒரே பார்வையில் பெற்றுவிட்டது. இது நியாயமா என்று கேட்டார்கள். மனிதரைப் போலவே பார்க்க வேண்டிய ஒரு நிரலை நேரலையில் ஆடவிட்டபோது, மானா என்ற பெயரில் ஆடும் போலந்து வீரர் அதைத் தோற்கடித்தார். அதன் பிறகு பார்வைக்கும் கைவேகத்துக்கும் கட்டு வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தக் கட்டுகளோடு அது கிராண்ட்மாஸ்டர் நிலையை எட்டியதை அதே ஆண்டு அக்டோபரில் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. இந்த இரண்டாவது வெற்றிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கருத்தரங்கு ஒருவாறு முடிந்தது. கேட்டுக்கொண்டிருந்த அதே விரிவுரையாளர், தாம் மாணவராக இருந்தபோது இந்த விளையாட்டை ஆடியிருப்பதாகச் சொல்லி எங்களை வியப்பில் ஆழ்த்தினார். பழைய குறுந்தகடு இன்னும் வீட்டில் இருக்கிறதாம்! ஒரு சனிக்கிழமை மதியம் தம் மடிக்கணினியைக் கொண்டுவந்தார். பி.டபிள்யூ.ஏ.பி.ஐ.யுடனே ஒரு மாதிரி நிரல் வருகிறது. தொழிலாளிகளைக் கனிமம் வெட்ட அனுப்பும். புதிய தொழிலாளிகளை உருவாக்கும். அவ்வளவுதான், போர் தெரியாது. தோழியும் நானும் மூன்று மணி நேரம் மல்லாடி, ஒரு தொழிலாளியை மட்டும் பிரித்து மூடுபனிக்குள் வேவு பார்க்க அனுப்பும்படி நான்கு வரிகள் சேர்த்தோம். அவன் மேட்டைச் சுற்றிக்கொண்டு போனான். எதிரியின் கட்டடம் ஒன்று திரையில் முளைத்தது. நாங்கள் கைதட்டி முடிப்பதற்குள் அவன் செத்துப்போனான்.

நிரலைச் சேமிப்பதற்கு முன் அதன் தலைப்பில், இது எந்த மாதிரி நிரலிலிருந்து எடுக்கப்பட்டது, நாங்கள் சேர்த்த வரிகள் எவை என்று எழுதினேன். தோழி பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏண்டி, இதுக்கெல்லாம் பேர் எழுதுற. ஏழாவது புரோகிராமுல என் பேரு எங்கடி?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

முதலாண்டு ரெக்கார்டு நோட்டுகள் துறை அலமாரியில் பூட்டியிருக்கின்றன. மடிக்கணினியை உறையில் வைத்துக்கொண்டிருந்த விரிவுரையாளரிடம் போய், என் பழைய நோட்டு ஒருநாள் வேண்டும், ஏழாவது புரோகிராமை நானே மறுபடி எழுதிக் காட்டுகிறேன் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அலமாரிச் சாவி அலுவலகத்தில் இருக்கிறது, திங்கட்கிழமை வா என்றார்.