ஆள் கணக்கு, நாள் கணக்கு

குன்னூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எதிர் விகிதம் சொல்லித்தர, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவாத்துதான் வசதி. ஒரு தேயிலைக் காட்டை 12 பேர் 10 நாளில் கவாத்து வெட்டி முடிப்பார்கள். 8 பேர்தான் வந்தால்? சூத்திரத்தைத் தேடும் முன் 12 × 10 = 120 என்று ஓரத்தில் எழுதிவிட வேண்டும். அந்தக் காடு கேட்பது 120 ஆள்நாள். 8-ஆல் வகுத்தால் 15.

பின்னமாகப் போடுகிறவர்கள் 12/8-ஐ 3/2 ஆக்கி, 10 நாளை ஒன்றரை மடங்காக்குவார்கள். அதுவும் 15. பின்னத்தைத் தலைகீழாகப் போட்டவர்களுக்கு 6⅔ நாள் வரும். ஆள் குறைந்தால் வேலை சீக்கிரம் முடியுமா என்று எந்த மேஸ்திரியிடம் கேட்டாலும் சிரிப்பார்.

*

அதே 12 பேர். 4 நாள் கழித்து 4 பேர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார்கள். முடிந்தது 48 ஆள்நாள், மீதி 72. 8 பேருக்கு 9 நாள். ஆக மொத்தம் 13.

வேறு வழி: 48/120 என்பது 2/5. மீதி 3/5. முழுக் காட்டுக்கு 8 பேருக்கு 15 நாள், அதில் 3/5 பங்கு 9. விடை ஒன்றுதான். 72/120-ஐச் சுருக்காமல் 15-ஆல் பெருக்கி 1080-க்குப் போகிற பிள்ளைகள்தான் பாதி வழியில் தடுக்கி விழுகிறார்கள்.

*

தேர்வில் கேட்க நல்ல கணக்கு ஒன்று சட்டத்திலேயே இருக்கிறது. 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. 1981 திருத்தத்தில் அது 48 ஆனது. அதே வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும்? 54/48 = 9/8. எட்டுப் பேர் இருந்த இடத்தில் ஒன்பது பேர்.

*

கொழுந்துப் பறிப்பில்தான் பாடப்புத்தகம் திணறுகிறது. 20 பேர் 40 ஏக்கரை 10 நாளில் ஒரு சுற்று பறித்து முடிக்கிறார்கள் என்று வைப்போம். 16 பேர்தான் வந்தால் 20/16 = 5/4; ஆக 12½ நாள். எட்டாம் வகுப்பில் முழு மதிப்பெண்.

தோட்டத்தில் கிடைக்காது. கவாத்து வெட்டாத செடி நாளைக்கும் அப்படியே நிற்கும். 120 ஆள்நாள் 120 ஆகவே காத்திருக்கும். கொழுந்து காத்திருக்காது. இரண்டு இலையும் மொட்டுமாகப் பறிக்க வேண்டியது இரண்டரை நாள் தள்ளிப்போனால் முற்றிவிடும். எடை கூடும், பறிக்கிற வேகம் குறையும், அடுத்த சுற்றும் பிந்தும். எதிர் விகிதத்துக்கு 'வேலை மாறாது' என்ற ஒரு நிபந்தனை உண்டு. அதைப் புத்தகங்கள் தடித்த எழுத்தில் போடலாம்.

கொழுந்துப் பறிப்பு உண்மையில் தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் 8 மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று 12 மணி நேரத்தில் காலியாக்கும்; 1/8 − 1/12 = 1/24, நிரம்ப 24 மணி நேரம். மழை கிடைத்த மாதங்களில் துளிர் நிரப்புகிறது, கூடை காலியாக்குகிறது. உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் நிரப்புகிற குழாய் ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது ஆள் இருக்கும், கொழுந்து இருக்காது.

*

ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள். பின்னத்தில் 2/9. 900 கிலோ இலை ஆலைக்குள் போனால் 200 கிலோ தூள் வெளியே வரும். இது நேர் விகிதம், தொந்தரவில்லை.

*

ஆள் பற்றாக்குறைக்கு இப்போது கொழுந்து வெட்டும் கத்தரி. கத்தரிக்காரர் ஒருவர் கையால் பறிக்கும் இருவருக்குச் சமம் என்று வைத்தால், வந்த 16 பேரில் 4 பேரிடம் கத்தரி கொடுத்தால் போதும்: 12 + 8 = 20. மறுபடி 10 நாள். ஆனால் கத்தரி இளசையும் முற்றலையும் சேர்த்தே வெட்டும். தூளின் தரம் இறங்கினால் குன்னூர் ஏலத்தில் விலையும் இறங்கும். அதை இந்தச் சமன்பாட்டில் எங்கே எழுதுவது என்று எந்தப் பிள்ளையாவது கேட்டால் அதற்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போடலாம்.