லீடர்

பதினோராம் வகுப்பில் என்னை லீடராகப் போட்ட அன்றைக்கு நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சட்டைப் பையில் நீல மைப் பேனாவோடு சிவப்பு மைப் பேனாவும் ஒன்று, கையில் பேசுகிறவன் பெயரை எழுத ஒரு நோட்டு. கணக்கு சார் அந்த நோட்டை வாங்கி, அதற்குள் நான் நிரப்பி வைத்திருந்த பெயர்களைப் பார்த்து, பொடி போட்ட மூக்காலேயே சிரித்தார். "பேசுதவன் சத்தம் எனக்கே கேக்கும்ல. மத்தியானம் எவன் சாப்பிடலன்னு பாத்து வை. அதான் ஒன் ஜோலி." எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பத்தாவது வரைக்கும் எங்களுக்குச் சத்துணவு உண்டு. எம்.ஜி.ஆர். 1982-இல் தொடங்கியது, 1984-இல் பெரிய வகுப்புகளுக்கும் வந்தது, பத்தாவதோடு நின்றது. பதினொன்றாவதில் கால் வைத்ததும் வயிறு தானாகவே பெரிய மனுஷனாகிவிடும் என்று சர்க்கார் நினைத்ததோ என்னவோ. பெல் அடித்து வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகள் திறக்கும். புளிக்குழம்பும் சுட்ட கருவாடும் நாரத்தங்காய் ஊறுகாயும் ஒரே காற்றில் கலந்து வரும். அந்த வாசத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, ஏதோ அவசர வேலை இருக்கிற மாதிரி மைதானத்தைச் சுற்றி வருகிறவர்கள் யார் யார் என்று அப்புறம்தான் என் கண்ணில் பட்டது. "சாப்பிட்டியான்னு கேக்காத, இல்லன்னு அவன் வாயால சொல்ல வைக்காத. எங்க வீட்டுக் குழம்புல உப்பு சரியா இருக்கான்னு கேட்டுச் சட்டிய நீட்டு" என்று சார் சொல்லிக் கொடுத்தார். உப்பு பார்க்க ஆரம்பித்தவர்கள் சட்டியை வழித்துத்தான் கொடுத்தார்கள். சாயங்காலம் நான் கொலைப்பசியில் வந்து விழுவதைப் பார்த்து ஆச்சி கண்டுபிடித்துவிட்டாள். "எந்தத் தெருப் பயலுக்குல குடுத்த?" அவளுக்கு முதலில் தெரு தெரிய வேண்டும். "சார்தான் குடுக்கச் சொன்னாரு ஆச்சி." வாத்தியார் சொல்லுக்கு மேல் அவளுக்குச் சொல் கிடையாது. முனகிக்கொண்டே மறுநாள் ஒரு அகப்பை கூட வைத்தாள்.

தெரு என்பது வகுப்புக்குள்ளும் இருந்தது. மேலத்தெருவுக்கு ஒரு பெஞ்சு, கீழத்தெருவுக்கு ஒரு பெஞ்சு, சிலர் மணிக்கட்டில் தெருவுக்கொரு நிறத்தில் கயிறு. சார் ஒன்றும் பிரசங்கம் செய்யவில்லை. அட்டெண்டன்ஸை எடுத்து அகரவரிசையில் பெயர் கூப்பிட்டு உட்கார வைத்தார், பெஞ்சுக்கு ஒரே ஒரு லாக் புத்தகம் கொடுத்தார். ஒரே புத்தகத்தை நடுவில் விரித்து ரெண்டு தலை குனிந்தால் முட்டத்தான் செய்யும். முட்டினோம், திட்டினோம், மாசக் கடைசியில் ஒருத்தன் விடையை ஒருத்தன் பார்த்து எழுதினோம். பல வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், எங்கள் ஊரான இதே நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ராத்திரி வீடு தேடிப் போய் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள் என்று படித்தபோது அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. அதையொட்டி அடுத்த வருஷம் நீதிபதி சந்துரு அரசிடம் கொடுத்த அறிக்கையில் அகரவரிசையில் உட்கார வையுங்கள், கையில் நிறக்கயிறு கூடாது என்று இருந்தது. எங்கள் சாருக்கு இதற்கு அறிக்கை வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஊருக்கு ஊர் அவர் மாதிரி ஒருத்தர் கிடைப்பார் என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் முடியாதுதானே.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் யாரும் புத்தகத்தைத் தொடக் கூடாது. பெரியகுளத்துக் கரை வரைக்கும் ஓட்டம், அப்புறம் கபடி. முட்டி பெயர்ந்து வந்தால் அம்மா மாடக்குழியிலிருந்து அந்தப் பச்சைக் குப்பியை எடுப்பாள். வானமாமலைப் பெருமாளுக்குத் தினமும் காப்பு சாத்துகிற எண்ணெய் கோயிலுக்குள்ளேயே ஒரு கிணற்றில் சேரும். எங்கள் ஊரில் சொறி சிரங்கிலிருந்து எல்லாவற்றுக்கும் மருந்து அதுதான். அந்தச் சிக்கு வாசத்தோடேயே இரவுப் படிப்புக்குப் போவோம். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் டியூப்லைட்டைச் சுற்றும் ஈசல், தூரத்தில் நாகர்கோவில் போகிற ரயில், பக்கத்தில் ஒருத்தன் கெமிஸ்ட்ரியை ராகம் போட்டு உருப்போடும் சத்தம்.

பத்து மணிக்கு மேல் படிக்கக் கூடாது என்பதுதான் சாருடைய பெரிய சட்டம். ரிவிஷன் சமயத்தில் நாங்கள் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு உள்ளே விளக்கெரிப்போம். சார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருத்தெருவாக வருவார், போர்வை தொங்குகிற ஜன்னலாகப் பார்த்து நிற்பார். "ஏல, அணைல!"

ஒரு ராத்திரி அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. நடைக்கு வந்து, "பிள்ளை படிக்குதேன்னு நான் முழிச்சுக் கெடக்கேன், வெளக்க அணைக்கச் சொல்லுத வாத்தியார இப்பத்தான் பாக்கேன்" என்றாள்.

"அவன் எங்கம்மா படிக்கான்? ஒரே பக்கத்த ஒரு மணி நேரமா வச்சுக்கிட்டுப் பயந்துக்கிட்டுல்லா இருக்கான்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். பக்கம் அதேதான். பிறகு சாரைத் திண்ணையில் உட்காரச் சொல்லிவிட்டுச் சுக்குக்காப்பி போட அடுப்படிக்குப் போனாள். சுக்குக்காப்பிக்கு மட்டும் சார் மணி பார்ப்பதில்லை.