தேவ கணம், ராட்சச கணம்

நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரிகிற வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்துச் சனிக்கிழமைகள்தான், முற்றத்தில் வெயில் சாய்வாக இறங்க, தாத்தா கோவணத்தோடு மணையில் உட்கார்ந்திருப்பார், ஆயா அவர் உச்சியில் எண்ணெயை வைத்து அறைந்து தேய்த்தபடியே அந்த வாரத்துக் கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்ப்பாள், மளிகைக் கடன், பங்காளிகள் நடுவே அவர் வாயைத் திறக்காமல் நின்றது, எல்லாம் வரும், அவர் கண்ணை மூடிக்கொண்டு 'ம்' என்பார், அவ்வளவுதான். அவருக்கு அனுஷம், தேவ கணம், அவளுக்கு மகம், ராட்சச கணம், சேர்க்கவே கூடாது என்று ஜோசியர் சொல்லியும் பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம்.

அதே எண்ணெய் வாசனை சிதம்பரத்தில் தில்லைக் காளி சன்னதியிலும் உண்டு, நடராஜரோடு ஆடித் தோற்று ஊர் எல்லைக்கு வந்துவிட்டவள் என்பது ஐதீகம், எண்ணெய்க் காப்பும் குங்குமமுமாக நிற்கும் அவள் முன் ஆயா நகரவே மாட்டாள், தாத்தாவோ அதே கோயிலில் நான்கு முகத்தோடு சாந்தமாக இருக்கும் பிரம்ம சாமுண்டியிடம் போய் நின்றுவிடுவார்.

திரும்பும்போது இளமையாக்கினார் கோயில் குளக்கரையில் உட்காருவோம், திருநீலகண்டக் குயவர் கதை நடந்த இடம், பரத்தை வீடு போய் வந்தவரை இனித் தொடக் கூடாது என்று மனைவி சிவன் பெயரில் ஆணையிட, ஊருக்குத் தெரியாமல் ஒரே வீட்டில் தொடாமலே இருவரும் கிழமானார்கள், கடைசியில் காணாமல் போன திருவோட்டுக்காகச் சிவயோகி கைபிடித்து முழுகச் சொன்னபோதும் ஆளுக்கொரு முனையாக மூங்கில் தண்டைப் பிடித்துக்கொண்டே இறங்கி இளமையாக எழுந்தார்கள் என்கிறது பெரிய புராணம். அந்த அம்மாளின் வைராக்கியத்தைத்தான் சிறு வயதில் கேட்டேன், தண்டின் மறுமுனையைக் குயவர் விடாமல் பிடித்திருந்தது பிறகே உறைத்தது, ஆயா காய்ச்சலில் குரல் எழும்பாமல் எண்ணெய் மட்டும் வைத்த ஒரு சனிக்கிழமை, தாத்தா குளிக்க எழாமலே, "இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டபோது.

இப்போது எண்ணெய்க் குளியலும் இல்லை, கைப்பேசி பத்துக்கு ஏழு என்று பொருத்தம் சொல்கிறது, அதற்கு மேல் இருவரும் ஒரே குணமாகவும் இருக்க வேண்டுமாம். கணம் சேரவில்லை என்று ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களே, அதற்கு முன் பையனையும் பெண்ணையும் ஒரு பொழுது உட்கார்ந்து பேச விடுங்கள்.