கேட்கும் செவிகள்

வடசென்னை ஓசைகளின் ஊர். காசிமேட்டில் விடியுமுன்னே மீன் ஏலக்குரல் எழும். 1856ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இராயபுரம் நிலையத்தில் இன்றும் இரயில் கூவும். எண்ணூர் சாலையில் சரக்குப்பெட்டி லாரிகள் இரவெல்லாம் உறுமும். இத்தனை இரைச்சலுக்கிடையிலும் தாயின் குரலைக் குழந்தை தனியே அறிந்துகொள்கிறது. அதைக் கேட்டே பேசவும் கற்கிறது.

அந்தக் கேட்கும் திறனையே பறிக்க வல்லது மூளைக்காய்ச்சல். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறையில் கிருமி தொற்றுவதால் வரும் நோய் அது. தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சலாகவே தோன்றும். “பல் முளைக்கிறது, அதுதான் உடம்பு சுடுகிறது” என்பார் பாட்டி. பின்னர்க் குழந்தை பால் குடிக்க மறுக்கும், உச்சிக்குழி புடைக்கும், வலிப்பும் வரலாம். முதுகிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், கால் முடங்கிவிடுமோ எனக் குடும்பம் அஞ்சும். ஆனால், நோய்க்கிருமியைக் காட்டிக்கொடுப்பது அந்த நீர்தான். தயங்கும் ஒவ்வொரு மணிநேரமும் நோய்க்கே ஆதாயம்.

பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் ஆறு பேருக்கு ஒருவர் இறக்கின்றனர்; பிழைப்போரில் ஐந்தில் ஒருவருக்குச் செவித்திறன் இழப்பு, வலிப்பு போன்ற நீங்காத குறைகள் எஞ்சுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீன்கூடையை இறக்கிவைத்துவிட்டு மருத்துவமனைக்கு அலையும் தாய்க்கும், நாட்கூலியை இழக்கும் தந்தைக்கும் அந்நோய் குழந்தை வீடு திரும்பிய பின்னும் முடிவதில்லை.

இதைத் தடுக்க வழி உண்டு. பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. ஊசி, காசநோயால் வரும் மூளைக்காய்ச்சலிலிருந்து குழந்தையைக் காக்கிறது. ஹிப் என்னும் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை, 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடும் கேரளமும் அரசுத் திட்டத்தில் சேர்த்தன. நிமோகாக்கல் தடுப்பூசி 2021இல் தமிழ்நாட்டிற்கு வந்தது. எல்லா வகை மூளைக்காய்ச்சலையும் இவை தடுப்பதில்லை. ஆயினும் கொடிய சிலவற்றின் வழியை அடைக்கின்றன.

ஐந்து நோய்த் தடுப்பூசி 6, 10, 14ஆம் வாரங்களில் போடப்படுவது. முதல் ஊசிக்குப் பின் வந்த இலேசான காய்ச்சலுக்கு அஞ்சியோ, வேலைதேடி வீடு மாறியோ அடுத்த தவணைகளைத் தவறவிடுவோர் உண்டு. செவிலியர் வீடு தேடி வந்து அட்டையைக் கேட்பது அதனால்தான்.

தடுப்பூசியின் வெற்றி கண்ணுக்குத் தெரிவதில்லை; வராத நோயை யாரும் கொண்டாடுவதுமில்லை. புதன்கிழமை ஊசி போட்டுக்கொண்ட குழந்தை அழுது ஓய்ந்து தாயின் தோளில் உறங்குகிறது. துறைமுகத்தில் கப்பலின் சங்கொலி எழுகிறது. குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது. அதற்குக் காது கேட்கிறது.