ரெண்டை எடுத்து மூணுல போடு!

எங்கள் வில்லியனூர்ப் பக்கம் மலை கிடையாது. மேடு என்று சொல்லிக்கொள்ள இருப்பது, புதுச்சேரி போகிற வழியில் அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். என் காரின் வண்டவாளம் வெளியானது அந்தத் தண்டவாளத்துக்கு மேலேதான்!

சும்மா கார் இல்லை ஸார், டர்போ! செகண்ட் ஹாண்ட்தான். மூணே சிலிண்டர். அது இழுக்கிற இழுப்பு போதாதென்று, ஆபீஸ் நண்பன் பேச்சைக் கேட்டு 'ரீமேப்' வேறு செய்துகொண்டேன். லேப்டாப்பைச் செருகி, எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, டர்போவை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகக் காற்றைத் திணிக்க வைப்பார்கள். செலவு பதினெட்டாயிரம். மனைவியிடம் 'சர்வீஸ்' என்று சொல்லியிருந்தேன். (அதுவும் ஒரு சர்வீஸ்தானே?)

மூன்று மாதம் பறந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை. பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் ஸ்கூல் பையோடு பையன். பாலத்தில் பாதி ஏறியதும் வண்டிக்கு விக்கல் வந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குலுக்கல் கூடியதே தவிர வேகம் கூடவில்லை. பின்னால் டிப்பர் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு கண் சிமிட்டியது. "லைட்டு சூப்பரா இருக்குப்பா!" என்றான் பையன்.

எப்படியோ உருண்டு இறங்கினோம். சமதரைக்கு வந்ததும் கார் பரம சாது!

டவுனில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். டை கட்டிய இளைஞர் பானட்டைக்கூடத் திறக்காமல், "டர்போ போயிருக்கும் சார். தொண்ணூறாயிரம் ஆகும்" என்றார். வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றும் பேசவில்லை. பாகூர் மாமியார் போட்ட நாலு வளையலையும் கழற்றி வைத்தாள். "ஒரு வருஷத்துல மீட்டுக் குடுத்துடுங்க, அம்மா கேப்பாங்க."

எனக்கு அந்தப் பதினெட்டாயிரம் தொண்டையில் வந்து நின்றது.

அடகுக் கடைக்குப் போகிற வழியில்தான் எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனின் ஷெட். அம்பாசிடர் காலத்து ஆள். 'சும்மா ஒரு வார்த்தை கேட்டுடலாம்' என்று மனைவிதான் நிறுத்தச் சொன்னாள்.

அண்ணன் சின்னதாக ஒரு ஸ்கேனரைச் செருகினார். பி-0302 என்றது. "ரெண்டாவது சிலிண்டர்ல மிஸ் ஃபயர். டர்போ போனா மூணும் சேர்ந்துல்ல தம்பி சோர்ந்து போகும்? இங்க ஒண்ணு மட்டும் அடம் பிடிக்குதே!"

அம்பாசிடரில் ஒரே காயில். டிஸ்ட்ரிபியூட்டர் பந்தி பரிமாறுகிற மாதிரி எல்லா சிலிண்டருக்கும் மின்சாரத்தைப் பங்கு போடும். இப்போது ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் ஒரு காயில். பேட்டரியின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக ஏற்றி, பிளக்கில் பொறி பறக்க வைப்பது அதன் வேலை.

"ரெண்டாவது காயிலை எடுத்து மூணுல போடறேன். மூணை ரெண்டுல போடறேன். கோடை அழிச்சுட்டு பாலத்துல ஏத்திட்டு வா. கோளாறு ரெண்டுலயே இருந்தா காயில் மேல பழி இல்ல. கூடவே மூணுக்குப் போச்சுன்னா, காயில்தான் திருடன். ஒரே தரம் போதும்! லைட்டு சிமிட்டறப்போ ஓட்டிக்கிட்டே இருந்தா, எரியாத பெட்ரோல் புகைக் குழாய்க்குப் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிடும். அதோட விலையைக் கேட்டா நீ உருகிடுவே."

செலவு? காலணா கிடையாது. போனேன், குலுங்கினேன், வந்தேன். ஸ்கேனரில் பி-0303!

"அதென்ன அண்ணே, பாலத்துல மட்டும்?"

"நம்மூர்த் தேரோட்டம் பார்த்திருக்கே இல்ல? காலி மாடவீதியில நாலு எட்டு தாண்டறது சுலபம். தேரன்னிக்குத் தாண்டிப் பாரு! மேடு ஏறறப்போ டர்போ சிலிண்டருக்குள்ள காத்தை அப்படித்தான் நெரிசலாக்குது. அந்தக் கூட்டத்துல பொறி தாண்டணும்னா வோல்ட் அதிகம் வேணும். நோஞ்சான் காயிலால முடியல."

பிளக்குகளையும் கழற்றினார். முனை தேய்ந்து இடைவெளி ஒரு மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. 0.7, 0.8 இருக்கவேண்டிய இடம். "இடைவெளி கூடினா காயிலுக்குப் பாரமும் கூடும். பிளக்கை மாத்தாம புதுக் காயில் போட்டா அதுவும் சீக்கிரம் படுத்துடும்."

சொல்லிவிட்டு என்னையே உற்றுப் பார்த்தார். "ஆனா இவ்வளவு காத்தை ஏன் திணிக்குது? ரீமேப் பண்ணினியா தம்பி?"

"ரீமேப்னா என்னண்ணே?" என்றாள் மனைவி.

அண்ணன் விளக்கமாகச் சொன்னார். என்ன விலை ஆகும் என்பதையும் சொன்னார். நான் பழைய டயர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு காயில், மூணு பிளக், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரம். வளையல் கைக்குத் திரும்பியது. அடுத்த வாரமே பழைய மேப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். அதற்கு ரெண்டாயிரம். இந்தத் தடவை 'சர்வீஸ்' என்று சொல்லவில்லை.